வளையும் பிளைவுட்: மெஷினைப் பற்றி எழுதினீர்கள், மரத்தைப் பற்றி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வளையும் பிளைவுட் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். படம் அருமை. பலகையைப் பாய் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார், கீழே "கம்ப்யூட்டரில் வரைந்து பொத்தானை அழுத்தினால் போதும், வளைந்த நாற்காலி தயார்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். 20 வருஷத்துக்கு மேலாக மரவேலை செய்கிறேன், அதில் கடைசி 8 வருஷமாகப் பட்டறையில் மரம் வெட்டும் லேசரும், கம்ப்யூட்டர் சொல்படி சுழலும் அலகால் அறுக்கும் சிஎன்சி ரவுட்டரும் ஓடுகின்றன, பொத்தானை அழுத்தியதும் நாற்காலி வந்ததை இதுவரை பார்த்ததில்லை. புகை வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மெஷினைக் குறை சொல்ல வரவில்லை. என் பட்டறையில் இன்று பாதி வேலை அதில்தான் நடக்கிறது. ஒரு நாள் முழுக்க ரம்பம் போட்டுச் செய்ய வேண்டியதை அது கொஞ்ச நேரத்தில் பிசகில்லாமல் வெட்டித் தருகிறது. என் சண்டை வேறு. இரண்டு பக்கக் கட்டுரையில் மெஷின் பெயர் வந்தது, மென்பொருள் பெயர் வந்தது, வரைபடக் கோப்பை எங்கே தரவிறக்கலாம் என்று வந்தது, ஆனால் எந்தப் பிளைவுட், எத்தனை அடுக்கு, ரேகை, அதாவது மரத்தின் நார், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. தையல் மெஷினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, துணி என்ன என்று சொல்லாமல் விட்ட மாதிரி இருந்தது.

பிளைவுட் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வெனீர் என்று சொல்லும் மெல்லிய மரத்தாள்களை, ஒன்றின் ரேகை நீளவாக்கில் என்றால் அடுத்ததன் ரேகை குறுக்குவாக்கில் வரும்படி மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். அடுக்கு பெரும்பாலும் ஒற்றைப்படையில் இருக்கும், 3, 5, 7 இப்படி, அப்போதுதான் இரண்டு முகமும் ஒரே மாதிரி இழுத்துப் பலகை கோணாமல் நிற்கும். ஒரு அடுக்கு வளையப் பார்த்தால் குறுக்கே கிடக்கும் அடுத்த அடுக்கு விடாது. அதாவது, வளையாமல் இருப்பதற்காகவே செய்த பொருள் அது. அதை வளைக்க வேண்டும் என்றால் அந்தப் பிடிவாதத்தை எங்காவது வெட்டித் தளர்த்த வேண்டும். எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் என்பதை மெஷின் சொல்லித் தராது. நீங்கள் கோடு போட்ட இடத்தில் வெட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இன்னொன்று, இது ஏதோ நேற்று வந்த ஜாலம் போல எழுதியிருந்தீர்கள். மரத்தை வளைக்கும் ஆசை பழையது. நாற்காலி செய்வதில் பெயர்பெற்ற தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, ஆவியில் வேகவைத்து வளைத்த பீச் மரம். பின்லாந்துக்காரர் ஆல்வார் ஆல்டோ 1933-இல் செய்த முக்காலியின் காலைப் பாருங்கள், கெட்டியான பிர்ச் கட்டையின் நுனியில் ரேகையோடு பல பிளவுகள் அறுத்து, ஒவ்வொரு பிளவிலும் பசை தடவிய மெல்லிய தாளைச் செருகி, அப்புறம் வளைத்திருக்கிறார். அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1940-களில் கடற்படைக்காகச் செய்த பிளைவுட் கால்சட்டத்தில், அதாவது அடிபட்ட காலை அசையாமல் வைத்துக் கட்டுவதில், நீள நீளமாகத் துளைகள் இருக்கும். ஒரே பலகை ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வளைய மறுக்கும் என்பதால் அந்த இறுக்கத்தை விடுவிக்க வெட்டியவை அவை, கட்டுத்துணியைக் கோர்க்கவும் வசதியாகப் போயிற்று. லேசரும் பழசுதான். நம் பட்டறைகளில் மரம் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், இதையாவது கட்டுரையில் ஒரு வரி போட்டிருக்கலாம். எண்களைக் கொடுத்து வெட்ட வைக்கும் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்லூரியில் 1952-இலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இப்போது புதிதாக நடந்திருப்பது, இவையெல்லாம் சின்னப் பட்டறைக்குள் வந்துவிட்டன, எங்கோ ஒருவர் வரைந்த கோப்பை இன்னொருவர் இறக்கி அன்றைக்கே வெட்டலாம் என்பதுதான். சிக்கலும் அங்கேதான்.

என் கதையைச் சொல்கிறேன். லேசர் வாங்கிய புதிதில், மூடி தானாக வளைந்து மூடுகிற பெட்டி ஒன்றின் கோப்பு கிடைத்தது. நீங்கள் படத்தில் போட்டிருந்த அதே லிவிங் ஹிஞ்ச் முறை. பலகையின் முழு கனத்துக்கும் ஊடுருவும் மெல்லிய வெட்டுகள், ஒரு வரிசையின் வெட்டுக்கு நடுவில் அடுத்த வரிசையின் இடைவெளி வரும்படி, செங்கல் சுவர் மாதிரி. 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி எடுத்து, ஓரத்துக் கரியைத் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடித்தேன். கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்தது. அப்புறம் டக் என்று ஒரு சத்தம், தொடர்ந்து சொடக்கு எடுக்கிற மாதிரி வரிசையாக டக் டக் டக், கையில் இரண்டு துண்டு. மூடி ஒரு துண்டு, பெட்டி ஒரு துண்டு.

லேசரின் வேகத்தை மாற்றினேன், பவரைக் குறைத்தேன், வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்தேன், இன்னும் இரண்டு பலகை வீணாகப் போனது. கடைசியில் இரண்டு வெட்டுக்கு நடுவில் இருந்து ஒடிந்த கீற்று ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. முகத்தாளின், அதாவது பலகையின் வெளி அடுக்கின், ரேகை கீற்றின் நீளத்தில் ஓடாமல் குறுக்கே ஓடியது. 3 அடுக்குப் பலகையில் மேலும் கீழும் இருந்த இரண்டு அடுக்கும் குறுக்கே கிடக்க, நடுவில் இருந்த ஒற்றை அடுக்கு மட்டும் நீளவாக்கில் எல்லாச் சுமையையும் தாங்கியிருக்கிறது. அதே கோப்பு, அதே பலகை, 90 டிகிரி திருப்பி வைத்து வெட்டினேன். சுருண்டது. வரைபடத்தில் ஒரு கோடுகூட மாற்றவில்லை. கோப்பை வரைந்தவரைத் திட்டவும் முடியாது, அவர் பலகையை அவர் சரியாகத்தான் வைத்து வெட்டியிருப்பார், கோப்பில் கோடுகள் வரும், ரேகை வராதே.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வளைகிறது வளைகிறது என்கிறோம், அந்த வலைப்பின்னலில் மரம் வளைவதைவிட முறுகுவதுதான் அதிகம். இரண்டு வெட்டுக்கு நடுவில் மிஞ்சும் கீற்று, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி தன் நீளத்தில் முறுகிக்கொள்கிறது. ஒரு கீற்று சில டிகிரி முறுகினால் போதும், முப்பது நாற்பது வரிசை சேர்ந்து அரைவட்டம் வந்துவிடும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் கீற்று ஒடியாமல் தாங்குகிற முறுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஏனென்றால் அதே முறுக்கு அதிக நீளத்தில் பரவுகிறது. வளைவு இன்னும் இறுக்கமாக வேண்டும் என்றால் வரிசைகளைக் கூட்ட வேண்டும், கீற்றை மெலிதாக்க வேண்டும். ஆனால் மெலிதாக்குவதற்கும் எல்லை உண்டு. லேசர் தன் பாதையில் ஏறக்குறைய 0.2 மி.மீ. அகலத்துக்கு மரத்தை எரித்துவிட்டுப் போகிறது, இரண்டு பக்கமும் கரி வேறு, ஆகவே கம்ப்யூட்டரில் 1 மி.மீ. கீற்று வரைந்தால் கையில் வருவது அதைவிடக் குறைவான நல்ல மரம். என் வழக்கம், 3 மி.மீ. பலகைக்கு 2 மி.மீ. கீற்று, 25 முதல் 30 மி.மீ. வெட்டு என்று தொடங்கி, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி மடித்துப் பார்ப்பது. இது என் கைக்கணக்கு, உங்கள் பலகைக்கு வேறாக இருக்கும். அந்தச் சோதனைத் துண்டை வெட்டச் சோம்பல்படுகிறவர் பெரிய பலகையில் அழுவார்.

சரி, பெரிய வேலைக்கு வருவோம். 18 மி.மீ. பலகையில் வளைந்த மேசை முகப்பு, வட்ட மூலை அலமாரி என்றால் லேசர் உதவாது. அங்கே கெர்ஃப் கட் என்று சொல்கிற பாதி வெட்டுதான். பின்பக்கத்திலிருந்து வரிசையாகப் பள்ளம் அறுத்து, முன்பக்கம் மெல்லிய தோல் ஒன்றை மட்டும் விட்டு, மடக்கும்போது அந்தப் பள்ளங்களின் வாய் மூடிக்கொள்ளும். ரம்பத்தால் தச்சர்கள் காலகாலமாகச் செய்ததுதான், இப்போது ரவுட்டர் செய்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் ரேகைக் கணக்கு இங்கே தலைகீழ். லேசர் வலைப்பின்னலில் முக ரேகை வெட்டோடு சேர்ந்து ஓட வேண்டும் என்றேன் அல்லவா, பாதி வெட்டில் மிஞ்சும் தோலின் ரேகை வெட்டுக்குக் குறுக்கே ஓடினால்தான் அது பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நிற்கும். தோலின் ரேகையும் பள்ளமும் ஒரே திசை, அதிலும் முகத்தாள் ஒன்று மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், பள்ளத்தின் அடியில் கோடு போட்ட மாதிரி பிளந்துவிடும். ஒன்றைப் படித்துவிட்டு அதையே இன்னொன்றுக்கும் பொருத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன்.

எத்தனை பள்ளம் வேண்டும் என்பதற்கு மென்பொருளே வேண்டாம், பென்சில் போதும். 18 மி.மீ. பலகை, 3 மி.மீ. தோல் விடுகிறோம், ஆக 15 மி.மீ. ஆழம். 90 டிகிரி திரும்ப, உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 15 × 1.57 (π-இல் பாதி), அதாவது கிட்டத்தட்ட 23.6 மி.மீ. குறைய வேண்டும். ஒரு பள்ளத்தின் அகலம் 3 மி.மீ. என்றால் 8 பள்ளம். 150 மி.மீ. ஆரத்தில் வளைக்கிறோம் என்றால் வளைவின் நீளம் ஏறக்குறைய 236 மி.மீ., அதில் 8 பள்ளம், சுமார் 30 மி.மீ.க்கு ஒன்று. இப்படி வெட்டினால் வளைவு வளைவாக இருக்காது, வெளிச்சம் பட்டால் பட்டை பட்டையாகத் தெரியும், மேலே பாலிஷ் போட்டால் இன்னும் நன்றாகவே தெரியும். 1.5 மி.மீ. பிட் (ரவுட்டரில் மாட்டும் வெட்டு அலகு) போட்டு 16 பள்ளம் எடுத்தால் பட்டை மறையும், ஆனால் அவ்வளவு மெல்லிய பிட் 15 மி.மீ. ஆழத்துக்கு ஒரே மூச்சில் போகாது, படிப்படியாக இறக்க வேண்டும், அவசரப்பட்டால் பிட் முறிந்து பள்ளத்துக்குள் சிக்கிக்கொள்ளும். இந்த இடத்தில் மெல்லிய தகடு மாட்டிய ரம்பம் ரவுட்டரைவிட நல்ல வேலை செய்யும் என்பது என் கட்சி. வளைத்த பிறகு பள்ளங்களில் பசை நிரப்பி, உள்பக்கம் மெல்லிய பிளைவுட் ஒன்றை ஒட்டிக் கிளாம்ப் போட்டு மறுநாள் வரை விட வேண்டும். இல்லாவிட்டால் வளைவு மெல்ல விரிந்துகொண்டே இருக்கும்.

ரவுட்டர்காரர்களுக்கு ஒன்று. எந்தப் பிளைவுட்டும் முழுக்கத் தட்டையாகவோ எல்லா இடத்திலும் ஒரே கனமாகவோ இருக்காது. பெரும்பாலோர் பிட்டின் பூஜ்ஜியத்தை, அதாவது ஆழத்தை எண்ணத் தொடங்கும் இடத்தை, பலகையின் மேல்பரப்பில் தொட்டு வைக்கிறார்கள். மேலிருந்து 15 மி.மீ. இறங்கு என்று சொன்னால், பலகை 17.4 இருக்கிற இடத்தில் தோல் 2.4-தான் மிஞ்சும், 18.2 இருக்கிற இடத்தில் 3.2 மிஞ்சும், வளைக்கும்போது மெல்லிய இடத்தில் மடங்கித் தடித்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும். பூஜ்ஜியத்தைக் கீழே மெஷின் மேடையில் வையுங்கள், அங்கிருந்து 3 மி.மீ. உயரத்தில் நில் என்று சொல்லுங்கள், பலகை மேடையோடு ஒட்டிப் படுத்திருக்கும்படி ஓரமெல்லாம் இறுக்குங்கள். தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவு வரும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு முழு 8 × 4 அடிப் பலகை.

கனம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் மேசை, அலமாரி என்று நிறையக் கோப்புகள் சுற்றுகின்றன. அதில் பொளி, அதாவது பலகையைச் செருகும் வாய், எல்லாம் 18 மி.மீ. என்று வரைந்திருப்பார்கள். கனம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பாருங்கள், 18 என்று முத்திரை குத்திய பலகை 17.3 இருக்கும், 17.6 இருக்கும், சில நேரம் 18.4-கூட இருக்கும். நான் முதலில் வெட்டிய அலமாரி காற்றடித்தால் ஆடியது, அடுத்ததைச் சுத்தியலால் அடித்தும் செருக முடியவில்லை. ஆகவே வரையும்போதே பலகையின் கனத்தை ஒரு மாறியாக வைத்து, அந்த ஒரு எண்ணை மாற்றினால் எல்லாப் பொளியும் மாறுகிற மாதிரி வரைந்த கோப்பா என்று பார்த்து எடுக்க வேண்டும். ரவுட்டர் பிட் உருளை, அது உள்மூலையைச் சதுரமாக வெட்டாது, மூலையில் காது மாதிரி ஒரு சின்ன வட்டம் கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதும் இதே வகைதான், அதை நல்ல மென்பொருள் தானே போட்டுத் தருகிறது.

பசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீர் தாங்கும் பிளைவுட்டில் போடும் பீனாலிக் பசை கருநிறமாக, அடுக்குக்கு நடுவே கோடு மாதிரி தெரியும். லேசர் அதில் திணறும், மரம் வெட்டுப்பட்டும் பசை வெட்டுப்படாமல் கரியாகி நிற்கும். பலகைக்கு உள்ளே ஓட்டை இருந்தாலோ, ஓட்டையை மக்கு என்னும் களிம்பு வைத்து அடைத்திருந்தாலோ அந்த இடத்தில் மட்டும் வெட்டு அறுபடாமல் விட்டுப்போகும், வளைக்கும்போது அங்கே கிழியும். அப்புறம் புகை. பசையில் பார்மால்டிஹைடு இருக்கிறது, அதையும் மரத்தூளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. உங்கள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் பின்னால் லேசர் மூடி திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது, புகைக்குழாயும் கண்ணில் படவில்லை. ஓடுகிற லேசரைத் தனியே விட்டுவிட்டு நகரக்கூடாது, பிளைவுட் தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. மரம்தானே என்று பழகிய கையோடு பிவிசி ஷீட்டையும் வைத்து வெட்டுகிறவர்கள் உண்டு, அதிலிருந்து வரும் அமிலப் புகை நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்.

இன்னும் ஒன்று, கட்டுரையில் வராதது. சில வேலைக்கு லேசரே வேண்டாம். ஃபிளெக்சி பிளை என்று தனியாகவே வருகிறது, தடித்த முகத்தாள் இரண்டும் ஒரே திசையில் ரேகை ஓட, நடுவில் மட்டும் மெல்லிய குறுக்குத்தாள். ஒரு திசையில் கையாலேயே சுருட்டலாம். வேண்டிய வடிவத்துக்கு ஓர் அச்சு செய்து, இரண்டு மூன்று பலகையை அதன் மேல் பசை போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக இறுக்கினால், பசை காய்ந்த பிறகு அது கல் மாதிரி நிற்கும். அந்த அச்சின் விலா எலும்புகளை வெட்டச் சிஎன்சியைக் கூப்பிடுங்கள், அதுதான் அதற்குப் பொருத்தமான வேலை.

நாற்காலி விஷயத்தை விட்டுவிட மாட்டேன். லிவிங் ஹிஞ்ச் வெட்டிய பலகை நீங்கள் நினைக்கிற திசையில் மட்டுமா வளைகிறது, இழுத்தால் நீள்கிறது, பக்கவாட்டில் தள்ளினால் சரிகிறது, எல்லாப் பக்கமும் தொளதொள. விளக்குக் கூடு, பெட்டி மூடி, நோட்டு அட்டை, சுவரில் ஒலி தடுக்கும் பலகை, இதற்கெல்லாம் பிரமாதம். ஆள் உட்காருகிற இடத்துக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. உங்கள் படத்தில் இருந்த நாற்காலியிலும், கூர்ந்து பார்த்தால், அடியில் வளைந்த விலாச்சட்டம் நாலு இருக்கிறது, சுமையை அதுதான் தாங்குகிறது, மேலே இருப்பது போர்வை. அதைச் செய்தவருக்கு இது தெரியும், அதனால்தான் சட்டம் வைத்திருக்கிறார். உங்கள் கட்டுரையாளர் அவரிடம் இரண்டு கேள்வி கூடக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரிக் கட்டுரையோடு வரைபடக் கோப்புக்கு வழி காட்டினால், பலகையின் கனம் காலிப்பரில் அளந்தபடி எவ்வளவு, எத்தனை அடுக்கு, முக ரேகை எந்தத் திசை, உள்ளே என்ன பசை, எந்த ஆரம் வரை வளைத்துப் பார்த்தார்கள் என்று கூடவே அச்சிடுங்கள். ரேகைக்கு ஓர் அம்புக்குறி போட்டாலே போதும். அப்புறம், ஒடிந்த துண்டின் படம் ஒன்றையும் போடுங்கள். கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள், என் பட்டறையில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது, எதுவும் தூக்கிப் போடவில்லை, ஒவ்வொன்றின் பின்னாலும் எப்படி ஒடிந்தது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் ஒரு வாசகர்